பன்னீர் சொம்புக்கு ஒரு தலை

அந்தப் பதினாறு நாளும் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். சாப்பிடுகிறாயா என்றால் ஓர் ஆட்டு. கொஞ்சம் படுக்கிறாயா என்றால் ஓர் ஆட்டு. பந்தல்காரர் நாற்காலி எத்தனை வேண்டும் என்று கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினேனாம். பூம்பூம் மாடு தோற்றது போங்கள். அத்தனை ஆட்டலில் ஒன்றே ஒன்று என்னை வசமாக மாட்டிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வீட்டுக்காரர் வெள்ளிப் பத்தர். தஞ்சாவூரில் கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. முன் அறைதான் பட்டறை. பழைய வெள்ளிச் சாமான்களைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். கூஜாவுக்கு மூடி, குங்குமச் சிமிழுக்குக் கீல், விளக்கின் உச்சிக்கு அன்னம், இப்படி எது தொலைந்தாலும் பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்து பொருத்துவோம். பலகையில் அவர் பெயர் மட்டும்தான். ஆனால் அரம் போடுவது, துளை போடுவது, பற்றவைப்பது எல்லாம் முப்பத்தொரு வருஷமாக என் வேலை. பற்றவைக்க ஒரு பொடி இருக்கிறது. ஒட்ட வேண்டிய இடத்தில் அதைத் துளி வைத்து நெருப்பைக் காட்டினால், வெள்ளி உருகும் முன்னால் அது உருகி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். துளி என்றால் துளிதான். அவருக்குப் பொறுமை கிடையாது, அள்ளிக் கொட்டிவிடுவார். நான் திட்டுவேன். "சரி, நீயே செய்யேன்" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இப்படித்தான் குடும்பம் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்படி டீ குடிக்கப் போனவர் கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். கையில் கிளாஸ் இருந்ததாம், டீ சிந்தவில்லையாம். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் இதைச் சொன்னார்கள், டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரியும், ஆனால் என்னைத் தொட்ட மாதிரி இருக்காது.

அவருடைய அக்கா, என் நாத்தனார், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பையோடு வந்து இறங்கினார். தங்கமான மனுஷி, வாய் மட்டும் ஓயாது. என்னைத் தனியாக விடக் கூடாது என்று முப்பது நாளும் தங்குவதாக முடிவுசெய்துவிட்டார். "அழுடி. அழுது தொலைச்சிடு. அடக்கி வச்சா நெஞ்சை அடைச்சுக்கும்" என்று காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி சொல்வார். அழுகை என்ன முனிசிபாலிட்டி குழாயா, நேரத்துக்கு வர? நான் தலையாட்டுவேன்.

பதினாறாம் நாள் காலை சடங்குக்கு வயசான பெண்கள் நாலு பேர் வந்தார்கள். ஆக வேண்டியதெல்லாம் ஆயிற்று. கடைசியில் மெட்டி. இரண்டு காலிலும் இரண்டிரண்டு போட்டிருந்தேன், எல்லாம் அவர் கையால் செய்தது. முப்பத்தொரு வருஷத்தில் விரல் பருத்துவிட்டது, அவை கழல மாட்டேன் என்றன. ஒருத்தி சோப்பு என்றாள், ஒருத்தி எண்ணெய் என்றாள், ஒருத்தி என் விரலைப் பிடித்துத் திருகிக்கொண்டே ஒப்பாரியும் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க, நகருங்க" என்று எழுந்து பட்டறைக்குப் போனேன். வெள்ளி வெட்டுகிற கத்திரியை எடுத்து, உட்கார்ந்து, நாலையும் நானே வெட்டிக் கழற்றினேன். பார்த்தவர்கள் வாயில் கை வைத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெட்டிய வெள்ளி எங்கே போக வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். மேசைக்குக் கீழே வெட்டுத்துண்டு போடுகிற டப்பா இருக்கிறது, அதில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, கழற்றிய கால் வெள்ளியை ஆற்றில் விட்டுவிட வேண்டும். திருவையாற்றுப் படித்துறைக்குக் கிளம்புகிற நேரத்தில் நாத்தனார் வெள்ளைத் துணியில் இறுக்கி முடிந்த சின்ன மூட்டை ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சாமி மாடத்துல இருந்துச்சு. இதுதானேடி உன் கால் வெள்ளி?"

நான் தலையாட்டினேன்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மேட்டூர் திறந்து வாய்க்காலெல்லாம் ஓடி, வயலில் நடவு நடந்துகொண்டிருந்த சமயம். நாத்தனார் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கண்ணை மூடி, மூட்டையைக் கையை வீசிப் போட்டார். தூரமாகத்தான் போட்டார். நான் மேல் படியில் உட்கார்ந்து, எதிர்க்கரையில் ஒருவர் மோட்டார் பைக்கைக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பட்டறை போன் அடித்தது. "பத்தரய்யா இருக்காருங்களா?" என்று ஒரு பெண் குரல். பழுதுக்குச் சாமான் கொடுத்திருந்த அதிராம்பட்டினத்து அம்மா என்று குரலைக் கேட்டவுடன் தெரிந்துவிட்டது. "இல்லீங்க" என்றேன். "வெளியில போயிருக்காரா?" என்றார். "ஆமா" என்றேன். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. அதற்கு மேல் பேச வாயில் ஒன்றும் இல்லை. "வர்ற வெள்ளிக்கிழமை நிக்காஹ்வுங்க. வியாழக்கிழமை காலையில வந்து சொம்பை வாங்கிக்கிறேன்னு சொல்லிடுங்க." சரி என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் அந்தச் சொம்பு ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மா நேரில் கொண்டுவந்து கொடுத்தது. அறுபது வயது இருக்கும். கறுப்புத் துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பழைய வெள்ளிப் பன்னீர் சொம்பை எடுத்து வைத்தார். உருண்டை வயிறு, அதன் மேல் நீண்டு ஒல்லியான கழுத்து, நல்ல வேலை. கழுத்தின் உச்சியில் தாமரை மொட்டு மாதிரி ஒரு தலை இருக்க வேண்டும், துளை போட்டு. அதுதான் இல்லை. யாரோ கல்யாணத்துக்கு இரவல் கேட்டிருக்கிறார்கள், திரும்பி வரும்போது தலை வரவில்லை. "நாக்கு இருக்கிறவ கேட்டிருப்பா. எனக்குக் கேக்கத் தெரியலை" என்றார்.

அப்புறம் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தண்டையை அவிழ்த்தார். நடக்கப் பழகுகிற குழந்தையின் காலில் போடுகிற அளவு, ஆனால் கெட்டி வெள்ளி. "எங்கம்மா எனக்குப் போட்டதுங்க. ஜோடியில ஒண்ணுதான் மிச்சம். தலையை இதை உருக்கித்தான் செய்யணும், வேற வெள்ளி சேர்த்துடாதீங்க. கடைசிப் பொண்ணு, வாப்பா இல்லாத புள்ளை. அவளுக்கு நான் போடுற நகையெல்லாம் கடையில வாங்கினது. எங்கிட்டேர்ந்து அவ கூடப் போறது இது ஒண்ணுதான்." என் வீட்டுக்காரர் தண்டையை வாங்கி, "அப்படியே ஆகட்டும்மா" என்றார். தன் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அதில் முடிந்தார். கொடுத்தவர் வெள்ளி கடை வெள்ளியோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாருடையதையும் அப்படித்தான் முடிந்து வைப்பார். எங்கே வைப்பார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தேடினேன். டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், அவர் சட்டைப் பைகள். மற்றவர்களுடைய முடிச்சுகளெல்லாம் கிடைத்தன. எல்லாவற்றிலும் வெவ்வேறு நூல், ஒவ்வொன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியும். தண்டை மட்டும் இல்லை. சனிக்கிழமை காலையில் நாத்தனாரும் சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, "எப்படிடீ இருக்கும் அது?" என்று கேட்டார்.

"குழந்தைத் தண்டை, ஒண்ணு. அவர் வேட்டித் துணியில சின்னதா முடிஞ்சிருப்பார்."

கட்டிலுக்கு அடியில் சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாக நகர்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். சாமி மாடத்தில் இருந்த மூட்டை. அம்மா போட்ட தண்டை என்றதும் என் வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய்ச் சாமிகிட்ட வைத்திருக்கிறார்.

"அடிப் பாவி" என்றார் நாத்தனார். "நான் கேட்டேனே! நீதானேடி தலையாட்டினே!"

"ஆமா, நான்தான்."

"உன் கால் வெள்ளின்னு நெனச்சு முடிச்சைக்கூட அவுக்காம… அய்யய்யோ, ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் போக வேண்டிய பொருளை…" தலையில் அடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மனதைத் தேற்றிக்கொண்டார். "சரி விடு. ஆத்துல போட்டது கடலுக்குத்தானே போவும்? அவங்க ஊரும் கடலோரம்தானே?"

வேறு நாளாக இருந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அதுவும் வரவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தது, பெரிய தப்பு என்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டில் நடந்த தப்பு மாதிரிதான் தெரிந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. ஒரு தாய் தன் பிள்ளைக்கென்று வைத்திருந்த ஒரே பொருளைப் பார்க்காமல் கொள்ளாமல் தலையாட்டி ஆற்றில் விட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று.

"கடை வெள்ளியில செஞ்சு குடுத்துடு" என்றார் நாத்தனார். "வெள்ளி வெள்ளிதானே? யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். பட்டறையில் சுத்த வெள்ளி இருந்தது, பாக்கெட்டில் வாங்கி வைத்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, உருக்குகிற மூசையை எடுக்கக் குனிந்தேன். பக்கத்தில் வெட்டுத்துண்டு டப்பா திறந்து கிடந்தது. கம்பி நறுக்குகளுக்கு மேலே என் மெட்டி நாலும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

அவற்றைக் கையில் எடுத்தேன். கல்யாணத்தன்று அம்மியில் என் காலைத் தூக்கி வைத்து அவர் மாட்டியது. தேயத் தேயக் கழற்றி, உருக்கி, கொஞ்சம் வெள்ளி சேர்த்துத் திரும்ப அடித்துப் போட்டுவிடுவார். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் நடையைக் குறைச்சுக்க, கட்டுப்படியாகலை" என்பார். முதலில் போட்ட வெள்ளியில் எவ்வளவு மிச்சம் இருந்தது, எவ்வளவு இந்த வீட்டுத் தரையில் தேய்ந்து போனது, தெரியாது. பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். ஏன் என்று கேட்டால், அப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தி காலில் கிடந்ததைத் தொலைத்துவிட்டேன். அதற்குப் பதில் கடைச் சரக்கு வைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் வாடிக்கைக்காரர் பொருளும் இல்லாமல், கடைப் பொருளும் இல்லாமல், என்னுடையது என்று இருந்த வெள்ளி அந்த நாலுதான்.

நாத்தனாருக்கு நான் செய்யப்போவது புரிந்தபோது நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தாலியறுத்தவ மெட்டியைக் கல்யாண வீட்டுக்கா குடுப்பே? பாவம்டி. அந்தப் புள்ளை நல்லா வாழ வேணாமா?"

அது சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்யாண வாசலில் சொம்பைக் குலுக்கி வருகிறவர்கள் தலையிலெல்லாம் பன்னீர் தெளிப்பார்கள். என் மாதிரி ஒருத்தி வந்தால் அந்தக் கை சட்டென்று வேறு பக்கம் திரும்பும். நானே அப்படித் திருப்பியிருக்கிறேன், மூடி மறைப்பானேன். "அண்ணி, அவங்க வந்ததும் எல்லாத்தையும் சொல்லிடுவேன். வேண்டாம்னா அவங்க கண்ணு முன்னாலயே உருக்கிடறேன்" என்றேன். "சொன்னா சொம்பைத் தூக்கி உன் தலையில போடுவாங்க" என்றார். போடட்டும் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் உருக்கினேன். நெருப்பில் மெட்டி கொஞ்ச நேரம் மெட்டியாகவே நின்றது. அப்புறம் ஓரம் மழுங்கி, சட்டென்று சுருண்டு ஒரே துளியாகிவிட்டது. உருக்கும்போது தூவுகிற வெங்காரம் சற்று அதிகம் போட்டுவிட்டோமோ என்று மட்டும் நினைத்தேன். ஒரு ஜோடியைத் தகடாக அடித்தேன். இன்னொரு ஜோடியைக் கம்பியாக இழுத்தேன். தகட்டை வட்டமாக வெட்டி, குழி வெட்டிய கட்டையில் வைத்து, கொம்புச் சுத்தியால் தட்டித் தட்டிக் குவித்தால் மொட்டு வந்துவிடும். அது பெரிய காரியம் இல்லை. மரைதான் உயிரை வாங்குகிற வேலை.

பழைய சாமான்களில் மரை மெஷினில் வெட்டியதாக இருக்காது. கழுத்தைச் சுற்றி மெல்லிய கம்பியைப் பாம்பு மாதிரி சுற்றி, கழுத்தோடு பற்றவைத்திருப்பார்கள். அந்தக் கம்பிதான் மரை. கடையில் கிடைக்கிற எந்தத் திருகு மூடியும் அதில் ஏறாது. வழி ஒன்றுதான் உண்டு. அந்தக் கழுத்துக் கம்பியின் இடைவெளியிலேயே நம் கம்பியைச் சுற்ற வேண்டும். பிறகு அதை நெளியாமல் திருகிக் கழற்றி, புது மூடியின் வளையத்துக்குள் உட்காரவைத்துப் பற்றவைக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்த மாதிரி சேரும். பொடி ஒரு மயிரிழை கூடினாலும் உருகி மரைக்குள் ஓடி அடைத்துவிடும். பொடி ஓடக் கூடாத இடத்தில் காவிக் குழம்பைப் பூசிக்கொண்டு செய்வோம்.

முதல் தடவை அடைத்துக்கொண்டது. பொடி வழிந்து, வளையத்துக்குள் பாதிச் சுற்று பளபளவென்று நிரம்பி நின்றது. "எத்தனை தடவை சொல்றது? பொடியை இப்படிக் கொட்டாதீங்கன்னு!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். பக்கத்தில் அவர் உட்காருகிற முக்காலியில் நாத்தனார் காயப்போட்டிருந்த வடகத் தட்டு இருந்தது. கொட்டியது நான்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பொடி கொட்டியதில்லை. தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மிச்சமிருந்த மெட்டி வெள்ளியில் இன்னொரு கம்பி இழுத்து, இன்னொரு வளையம் செய்து, திரும்பவும் சுற்றினேன். இரண்டாவது தடவை சரியாக நின்றது.

துளை எத்தனை என்று தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு போன் செய்து, பழைய தலையில் எத்தனை ஓட்டை என்று கேட்டேன். "யாரு எண்ணினா? நல்லாத் தெளிக்கணும், ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். நடுவில் ஒன்று, சுற்றி எட்டுப் போட்டேன். துளையின் உட்பக்கம் பிசிறு இருந்தால் தண்ணீர் தூவாமல் மூக்கொழுகுகிற மாதிரி வடியும். ஊசி அரத்தால் ஒவ்வொன்றாக வழித்தேன். வேலையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று கவனித்தேன், கை தன் பாட்டுக்குச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

புதுத் தலை சுண்ணாம்பு மாதிரி வெளுப்பாக இருந்தது, சொம்போ மங்கல். அதற்கு ஒரு வழி, முட்டையை அவித்து உடைத்து, வெள்ளியோடு சேர்த்து டப்பாவில் மூடி வைத்தால் நிறம் இறங்கும். புதன்கிழமை முட்டை அவித்தேன். நாத்தனார் அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்து, "துக்க வீட்டுல முட்டையா! முப்பதுகூட ஆகலையேடி!" என்று அலறினார். திங்கறதுக்கு இல்லை, வெள்ளிக்கு என்று சொன்னேன். "வெள்ளி முட்டை திங்குதாமே. இன்னும் என்னென்ன பார்க்கணுமோ" என்று விபூதியை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். சாயந்திரம் தலையை எடுத்துத் துடைத்துச் சொம்பில் திருகினேன். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் இடம் தெரியாமல் போய் உட்கார்ந்தது. அவர் பார்த்திருந்தால் "பரவாயில்லையே" என்றிருப்பார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டார். கை வாய்க்குப் போயிற்று. "எப்ப?" என்றார். "இருபத்துநாலு நாள் ஆச்சு." "அன்னைக்கு போன்ல வெளியில போயிருக்கார்னு சொன்னீங்களே தங்கச்சி." உட்காரச் சொல்லி, சொம்பை அவர் கையில் கொடுத்தேன். தலையைத் தடவிப் பார்த்தார், திருகிக் கழற்றினார், மாட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார். கண் நிறைந்துவிட்டது. "என் தண்டையா இது!" என்றவர், பைக்குள் கையை விட்டுப் பன்னீர் பாட்டிலை எடுத்தார்.

"ஊத்தறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணுங்க" என்றேன்.

அடுப்படியில் நாத்தனார் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டார். நான் நிறுத்தவில்லை. சொல்லிவிட்டேன். மூட்டை, படித்துறை, நான் தலையாட்டியது, மெட்டி, ஒன்று விடாமல். சந்தைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னேன், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இது உங்க வெள்ளி இல்லீங்க. புருஷன் செத்தவ கால்லேர்ந்து வெட்டின வெள்ளி. வேண்டாம்னு சொன்னா இப்பவே உருக்கிடறேன். கடை வெள்ளியில சாயந்திரத்துக்குள்ள செஞ்சு தந்துடறேன்."

அந்த அம்மா பாட்டிலைக் கீழே வைத்தார். துப்பட்டியால் கண்ணைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"எனக்கு எங்கம்மா மூஞ்சி ஞாபகம் இல்லீங்க. ரெண்டு வயசுல போயிட்டாங்க. போட்டோவும் கிடையாது. அந்தத் தண்டைதான்."

மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்வை என் காலுக்கு வந்தது. இரண்டாவது விரலிலும் மூன்றாவது விரலிலும், மெட்டி கிடந்த இடம் வெளுத்து, குழிந்து கிடந்தது.

"எத்தனை வருஷம் போட்டிருந்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

"அவர் கையால செஞ்சதா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்க. அந்தத் தலையாட்டல்லதான என் தண்டை போச்சு? வாயைத் திறந்து சொல்லுங்க."

"அவர்தான் செஞ்சார்" என்றேன். "தேயத் தேய அவர்தான் திரும்பத் திரும்பச் செஞ்சு போட்டார்."

அவர் சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் மவுத்தானப்ப நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தேன், ஒரு ரூம்ல. வந்தவங்க எல்லாரும் எனக்கு ஏதாச்சும் குடுத்துட்டுப் போனாங்க. பழம், புடவை, புத்திமதி. எங்கிட்டேர்ந்து ஒண்ணு வாங்கிக்கணும்னு யாருக்கும் தோணலை. நான் குடுத்தா விளங்காதுன்னு நெனச்சாங்களோ என்னமோ." தலையைத் திருகிக் கழற்றினார். "நாளைக்கு என் மகளை அனுப்பறவளும் அதே மாதிரி ஒருத்திதான். நான் குடுக்கலாம்னா நீங்களும் குடுக்கலாம். உருக்க வேணாம்."

பன்னீரைக் கழுத்து வரைக்கும் ஊற்றினார். தலையை மாட்டி மூன்று சுற்றுச் சுற்றினார். வாசல் பக்கம் குலுக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"காலை நீட்டுங்க."

"ஐயோ, வேண்டாங்க. எனக்கு இதெல்லாம்…"

"ஒழுகுதா தெளிக்குதான்னு பாக்க வேணாமா? நீட்டுங்க தங்கச்சி."

நீட்டினேன். அவர் குலுக்கினார். ஒழுகவில்லை. ஒன்பது துளையிலிருந்தும் பொடிப்பொடியாகத் தூவி, என் விரல்களில், அந்த வெளுத்த குழியில் விழுந்தது. சில்லென்று இருந்தது. அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலை இழுத்துக்கொண்டேன். அந்த இடத்தில் மெட்டி இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முக்காலி காலி. டீ குடிக்கப் போனவர் வரவில்லை, இனி வரவும் மாட்டார்.

அழுதேன். சந்து முழுக்கக் கேட்கும்படி, வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதேன். இருபத்துநாலு நாளாக அழு அழு என்று என் உயிரை எடுத்த நாத்தனார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கரண்டி முதுகில் சுட்டது. "அழாதேடி" என்றார், "அழாதே, அழாதே."